ஐனா மாலிசனின் கல்யாணக் கல்

பிட்லூரிக் கோட்டைவீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு மூலையில் தொங்கும் கூம்புக்கூண்டு வேண்டும், சுழற்படி வேண்டும், முடிந்தால் தலையில்லாத ஒரு பேயும் வேண்டும். ஐனா மாலிசன் அவர்களை நேராக இரண்டாம் மாடிச் சுவரிலிருக்கும் ஒரு பொந்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள்.

"இதான் இந்த வீட்லயே பொய் பேசாத எடம். கக்கூஸ். மேல உக்காந்தா கீழ விழும். மத்ததெல்லாம் பின்னால வந்தவன் வந்தவன் ஒட்டவச்ச வேஷம்."

கூட்டம் சிரிக்கும். ஐனா சிரிக்கமாட்டாள். சிரிக்க வைப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. அறுபது வயதைத் தாண்டிய, ஒல்லியான, உதடு எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட பெண். கோட்டைவீட்டை நடத்தும் அறக்கட்டளையில் வழிகாட்டி வேலை. அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'வரவேற்கிறோம்' என்று அச்சடித்திருக்கும். அதை அவள் பெரும்பாலும் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருப்பாள்.

"செவுத்தோட தடிமனப் பாத்தீங்களா? ஒரு மாடு குறுக்க படுக்கலாம். வீரன் கட்டுன வீடுன்னு வாசல்ல போர்டு மாட்டியிருக்காங்க. நம்பாதீங்க. பயந்தாங்கொள்ளி கட்டுனது. பக்கத்து எஸ்டேட்காரன் வந்து வெட்டிருவான்னு பயம், சொந்தத் தம்பி வந்து கொளுத்திருவான்னு பயம். அதனாலதான் கீழ ஜன்னலே கெடயாது. மூலைக்கூண்டுல நின்னு கீழ வர்றவன சுடுவாங்க. அப்புறம் ஊர்ல சண்ட ஓஞ்சுது. அப்பவாச்சும் கூண்ட எடுத்தானா? இல்ல. பொண்டாட்டியோட கவுனு மாட்ட வச்சுக்கிட்டான்."

பிறகு கிழக்குப் பக்கத்துக் கட்டடம். நடுவில் கதவு, இந்தப் பக்கம் எத்தனை ஜன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை.

"இது பேரன் கட்டுனது. பேரனுக்குத் தாத்தா வீடு அவமானமாப் போச்சு. எடின்பரோவுல எல்லாரும் இப்படிக் கட்டுறாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மூஞ்சி. உள்ள போனா ஒரு ஜன்னல் பொய் ஜன்னல், பின்னால அடுப்புப் புகைபோக்கி. ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும்ல."

அதற்கும் வெகு பின்னால் வந்த தலைமுறைக்கு வரும்போதுதான் அவள் குரல் முழு விஷத்தை எட்டும். அந்த வாரிசு டண்டீயில் சணல் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பெண் எடுத்தவன். கல்கத்தாவிலிருந்து வந்த சணல், டண்டீப் பெண்கள் நூற்ற சணல், அந்தக் காசெல்லாம் கூம்பாக முளைத்தது. வாசல் காவல் வீட்டுக்கு ஒரு கூம்பு. குதிரை லாயத்துக்கு இரண்டு. கூரை விளிம்பெல்லாம் படிக்கட்டு மாதிரி வெட்டிய கல், ஏறி எங்கே போவதென்று தெரியாத படிக்கட்டு.

"நாய்க்கூண்டுக்கும் ஒரு கூம்பு வச்சான். நாய் யார சுடப்போவுது? அதோட விட்டானா? கோட்டை பழசாத் தெரியலன்னு செவுத்து மேல இருந்த சுண்ணாம்புப் பூச்ச மொத்தமாச் சுரண்டித் தள்ளிட்டான். கட்டுனப்ப இது வெள்ள வெளேர்னு இருந்த வீடு. நம்மாளுங்க இன்னிக்கும் இந்தச் சாம்பக் கல்லப் பாத்து 'ஆகா, எவ்ளோ பழசு'ன்னு உருகுறாங்க. தோல உரிச்சுட்டு இதான் என் மொகம்னு ஒருத்தன் வந்து நின்னா உருகுவீங்களா? அன்னிலேர்ந்து உள்ள ஈரம். வாங்க, படியில வழுக்கும்."

அறக்கட்டளையின் மேலாளர், டை கட்டிய இளைஞர், ஒருமுறை தயங்கித் தயங்கி, கொஞ்சம் அன்பாகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். "பேய் வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றாள் ஐனா. அவர் பார்க்கவில்லை. வந்துபோகிறவர்கள் இணையத்தில் எழுதும் குறிப்புகளில் கோட்டைவீட்டுக்கு மூன்று நட்சத்திரமும் ஐனாவுக்கு ஐந்தும் கிடைத்துக்கொண்டிருந்தன.

இந்த ஏளனம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கோட்டைவீட்டில் தேடிப் பயனில்லை. அது மாட்டுத்தொழுவங்களில் பிறந்தது.

அவளுடைய அப்பா வுல் மாலிசன் பண்ணைகளில் மாடு பார்க்கிறவர். வேலை இருக்கும்வரை வீடு என்பது ஒப்பந்தம். இரண்டு அறை, கல் சுவர், வெளியே கக்கூஸ். வுல்லுக்கு மாட்டோடு ஒத்துப்போகும், மாட்டுக்காரனோடு ஒத்துப்போகாது. அதனால் மே மாதம் இருபத்தெட்டாம் தேதி, ஊரிலுள்ள எல்லாப் பண்ணை ஒப்பந்தங்களும் முடிகிற நாளில், அநேகமாக ஒவ்வொரு வருடமும் அவர்களுடைய சாமான் டிராக்டர் வண்டியில் ஏறும். எத்தனை வீடு என்று ஐனாவுக்கே கணக்கு விட்டுப்போயிற்று. அம்மாவிடம் ஒரே ஒரு பச்சைத் திரைச்சீலை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கும் அதைக் கொஞ்சம் வெட்டித் தைப்பாள். கடைசியில் அது கைக்குட்டை அளவுக்கு வந்து நின்றது.

வுல்லுக்கு ஒரு பழக்கம். மே மாதம் விடப்போகிற வீட்டை ஏப்ரலிலேயே திட்டத் தொடங்கிவிடுவார். "இது வீடா? பன்னிகூட இங்க படுக்க யோசிக்கும்." கதவைத் திட்டுவார், புகைபோக்கியைத் திட்டுவார். போகிற அன்று திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறுவார். சிறுமி ஐனாவும் திட்டக் கற்றுக்கொண்டாள். படித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமான பாடம் வேறில்லை.

அப்படி ஒரு மே மாதத்தில் வண்டி பிட்லூரிக் கடைத்தெருவில் நின்றது. மெத்தைமேல், மடியில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த ஐனாவின் கண்ணுக்கு நேரே ரொட்டிக்கடைக்காரர் வீட்டு வாசலின் மேல்கல். அதில் வெட்டியிருந்தது: டி.கே., ஒரு இதயம், எம்.ஆர்., 1694.

"அது என்னப்பா?"

"கல்யாணக் கல்லு. வீடு கட்டுனவன் பேரு, பொண்டாட்டி பேரு, வருசம்."

"ரெண்டு பேருக்கும் குடும்பப் பேரு எழுத்து வேற வேறயா இருக்கே. கல்யாணம் ஆகலியா?"

அம்மா திரும்பினாள். "ஆகாமலா இதயம் வெட்டுவாங்க? அந்தக் காலத்துல நம்மூர்ப் பொண்ணுங்க கல்யாணம் பண்ணாலும் பொறந்த வீட்டுப் பேர விடமாட்டாங்க ஐனா. புருசன் பேர மாட்டிக்கிறதெல்லாம் அப்புறம் தெக்கேயிருந்து இங்கிலீஷ்காரன்கிட்ட வாங்குன பழக்கம்."

ஐனா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யாராலும் வண்டியில் ஏற்ற முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் அவள் திட்டாத ஒரே கட்டடப் பொருள் அதுதான். அதைப் பற்றி அதன்பின் யாரிடமும் சொன்னதுமில்லை, சுற்றுலாக்காரர்களைத் தவிர. அவர்கள் கேட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள் அல்லவா.

பிறகு அப்பாவுக்கு நகராட்சி வீடு கிடைத்தது, தண்ணீர் குழாயில் வந்தது. வீடுகளெல்லாம் ஒரே மாதிரி, சாம்பல் நிறம், சுவர் முழுக்கப் பொடிக்கல் ஒட்டியது. காய்ந்துபோன ஓட்ஸ் கஞ்சியைச் சுவரில் அப்பினாற்போல இருக்கும். அந்தக் கஞ்சியை அப்பிக்கொண்டிருந்தவன்தான் ஆர்ச்சி பட்டுல்லோ. ஈரச் சிமெண்டைக் கரண்டியால் சுவரில் வீசுவான், அது காய்வதற்குள் பொடிக்கல்லை வாரி வீசுவான். அகலமான தோள், சிவந்த காது, எதற்கும் கோபப்படாத முகம். எதிர்வீட்டுச் சுவரில் வேலை செய்தபோது ஜன்னலில் நின்றிருந்த ஐனாவைப் பார்த்துக்கொண்டே வீசி, பாதியைத் தன் பூட்ஸிலேயே கொட்டிக்கொண்டான்.

மே இருபத்தெட்டில் கல்யாணம். தேதியை ஐனாதான் சொன்னாள். ஏன் என்று ஆர்ச்சி கேட்கவில்லை.

நாற்பது வருடமாக, அவர்களுக்கென்று கிடைத்த நகராட்சி வீட்டில், மாலைப் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"இன்னிக்கு எங்க கஞ்சி ஊத்துன?"

"கிர்ரிம்யூர்ல. ரெண்டு பங்களா."

"பாவம். அந்த ஊரு என்ன தப்பு பண்ணுச்சு?"

ஆர்ச்சி சிரித்துக்கொண்டே பிரைடியை, அந்தப் பக்கத்துக் கறி அப்பத்தை, பாதியாகப் பிய்த்து அவள் தட்டில் வைப்பான். நகராட்சி வீடுகளைக் குடியிருப்பவர்களே வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது முதல் ஆளாய் வாங்கினான். வாங்கியதும் அழகு படுத்தத் தொடங்கினான். முன்சுவரில் கல் மாதிரித் தெரியும் ஓடு. வாசலில் இரண்டு பிளாஸ்டர் சிங்கம், ஒன்றுக்கு மூக்கு இல்லை. குதிரைவண்டிக் கால விளக்கு, மின்சாரத்தில் எரிவது. ஒவ்வொன்றுக்கும் ஐனா ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். சிங்கத்தைப் பற்றி மட்டும் பக்கத்து வீட்டு பெத் கின்னியரிடம் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது: "மூக்கு இருக்குற சிங்கம் எங்க வீட்டப் பாத்துச்சு, அறுபட மூக்கு இல்லாத சிங்கத்தப் பாத்துப் பொறாமப்படுது."

ஊரும் சும்மா இருக்கவில்லை. வுல் மாலிசன் கடைசியாக மாடு கட்டிய தொழுவத்தை எடின்பரோவிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கி, வண்டி நிறுத்தும் வளைவுகளுக்குக் கண்ணாடி போட்டு, விடுமுறை வீடாக்கிவிட்டார்கள். 'பழைய தொழுவம்' என்று பெயர்ப்பலகை. "எங்கப்பா சாணி வழிச்ச எடத்துல அந்தாளு வெறுங்கால்ல நின்னு காபி குடிக்கிறான். தரை சூடாகுமாம். அப்பவும் சூடாத்தான் இருக்கும், மாடு மூத்திரம் போனா" என்றாள் ஐனா. சொல்லும்போது அவள் அந்தக் கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை பெத் கவனித்தாள்.

ஆர்ச்சி வேலையை நிறுத்திக்கொண்ட வருடம், வாசலுக்கு முன்னால் ஒரு முகப்பு கட்டப்போவதாகச் சொன்னான். முகப்புமேல் கூம்புக்கூண்டு.

"எதுல?"

"ஃபைபர்ல. ஆர்டர் பண்ணிட்டேன். வெயிட்டே இருக்காது."

"நகராட்சி வீட்டுக்குக் கோட்டைக் கூம்பு. ஆர்ச்சி, யாரச் சுடப்போற? தபால்காரனையா?"

"உனக்குக் கோட்ட புடிக்கும்ல. தெனம் அங்கதான கெடக்குற."

"பல் டாக்டருக்குச் சொத்தப் பல்லு புடிக்கும்னு சொல்லுவ போல."

ஆர்ச்சி வழக்கம்போலச் சிரித்தான். கூம்பு ஒரு லாரியில் வந்தது, குழந்தைகள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோட்டத்தில் ஓடினார்கள். ஐனா ஜன்னலை மூடினாள்.

ஆனால் ஏப்ரலில் அவள் கரி எடுக்கப் பின்கொட்டகைக்குப் போனபோது, தார்ப்பாயின் கீழ் ஒரு கல்லைக் கண்டாள். சிவப்பு மணற்கல், நீளமானது, நன்றாகச் சமன் செய்தது. மறுநாள் கல் செதுக்கும் மிர்ரனின் வண்டி வந்து கொட்டகைக்குப் பின்னால் நின்றது. மிர்ரன் முப்பது வயதுப் பெண், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டிப் பிழைக்கிறவள்.

"அந்தக் கல்லு எதுக்கு?" என்று கேட்டாள் ஐனா.

"பூந்தொட்டி வைக்க" என்றான் ஆர்ச்சி, காது சிவக்க.

வாசலுக்கு மேலே வைக்கிற நீளம். நாற்பதாவது கல்யாண நாள் வருகிறது. பூந்தொட்டிக்கு மிர்ரன் எதற்கு?

அன்றிலிருந்து ஐனாவுக்கு ஒரு வியாதி பிடித்தது. அவளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றத் தொடங்கியது. ஏ.பி., ஒரு இதயம், ஐ.எம். பேருந்துக்கு நிற்கும்போது விரலால் கோட்டுப் பையில் அந்த எழுத்துகளை எழுதிப் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரர் வீடு இப்போது நகம் தீட்டும் கடை. அதன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவளிடம் உள்ளிருந்த பெண் 'உள்ளே வாங்கம்மா' என்றபோது, திட்டாமல் நகர்ந்தாள். வீட்டில் கூம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்ச்சி பயந்துபோனான்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"ஏன்?"

"கூம்பு கோணலா நிக்குது. நீ ஒண்ணுமே சொல்லலியே."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஐனா. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

மே இருபத்தெட்டு. தூறல். முகப்புக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், பிளாஸ்டிக் கோப்பையில் விஸ்கி, தட்டில் பிரைடி. மேல்கல்லை ஒரு படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். ஆர்ச்சி கோட்டும் டையும் போட்டு ஏதோ பேசத் தொடங்கி, பாதியில் விட்டு, "சரி, இழுக்குறேன்" என்றான். விரிப்பு கூம்பின் நுனியில் மாட்டிக்கொண்டது. யாரோ துடைப்பக் கம்பால் தள்ளினார்கள். விழுந்தது.

ஏ.பி. இதயம். ஐ.பி. 1979.

கைதட்டல். பெத் கின்னியர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐனா கல்லைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"யாரு இந்த ஐ.பி.?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். "நீதான்!" என்றான் ஆர்ச்சி.

"நானா? நான் நெனச்சேன் ஒனக்கு யாரோ தங்கச்சி இருந்தா போலன்னு. கல்யாணக் கல்லுல ரெண்டு பக்கமும் ஒரே எழுத்து இருந்தா, பெரியப்பா சித்தப்பா மக்க கட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம். எங்க கோட்டையில தெனம் சொல்றேன். முந்நூறு வருசத்துக்கு முன்னால ரொட்டி சுட்டவனுக்குத் தெரிஞ்சுருக்கு, பொண்டாட்டிக்குன்னு ஒரு பேரு இருக்குன்னு. கூம்பு ஃபைபரு, சிங்கம் பிளாஸ்டரு, மூஞ்சிக் கல்லு ஓடு. நெசக் கல்லு ஒண்ணே ஒண்ணு வாங்குன. அதுலயும் பொய்ய வெட்டிட்டியே ஆர்ச்சி."

மிர்ரன் மெல்ல, "நான் கேட்டேன்... அவர் எழுதிக் குடுத்ததத்தான்" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆர்ச்சியின் காது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது. ஒவ்வொருவராகப் பிரைடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

சமையலறையில் ஐனா தட்டுகளைக் கழுவினாள். ஆர்ச்சி கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"கேஸ் பில்லுல ஐனா பட்டுல்லோன்னுதான வருது" என்றான்.

"கேஸ் பில்லக் கல்லுல வெட்டுவாங்களா?"

"எனக்குத் தெரியாது ஐனா."

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு நீ சொன்ன. ஜெர்மன்காரனுக்குச் சொன்ன, ஜப்பான்காரனுக்குச் சொன்ன. எனக்கு எப்பச் சொன்ன?" அவன் குரல் உயரவில்லை. "நானும் ஒரு தரம் சுத்திப் பாக்க வரேன்னு கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். என்ன சொன்ன?"

ஐனாவுக்கு ஞாபகம் இருந்தது. கஞ்சி ஊத்துறவனுக்குக் கோட்டை எதுக்கு என்று சொன்னாள்.

"அது சும்மா ஜோக்கு."

"நாப்பது வருசமா ஜோக்கு. நானும் சிரிச்சேன். ஒண்ணு சொல்லட்டுமா? எல்லா ஜோக்குக்கும் சிரிப்பு வரல."

அவன் எழுந்து படுக்கப் போனான். ஐனா துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தது, கூர்மையானது, கேட்டால் பெத் ஒரு வாரம் சிரிப்பாள். அதை விழுங்கினாள். இது வீடா, பன்னிகூட யோசிக்கும். அப்பாவின் ஏப்ரல் குரல். அந்தக் குரலுக்கு ஒரு காரணம் இருந்தது. மே வந்தால் போயாக வேண்டும், விட்டுப் போகிற இடம் பிடித்துப்போயிருந்தால் வலிக்கும். ஆனால் இந்த வீட்டிலிருந்து யாரும் அவளை ஏற்றி அனுப்பவில்லையே. நாற்பது மே வந்து போயும் அவள் இன்னும் ஏப்ரலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இதை யோசித்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அதுகூடப் பழகிய உணர்ச்சிதான், அதிலும் ஒரு சுகம் இருந்தது என்பது இன்னும் மோசம்.

காலையில் சுத்தியல் சத்தத்தில் விழித்தாள். ஆர்ச்சி ஏணிமேல். உளி தெரியாதவன் கையில் உளி. பெண் பக்கத்து 'பி' இருந்த இடத்தில் கோழிமுட்டை கொள்ளும் அளவுக்கு ஒரு குழி. கீழே சிவப்புத் தூள்.

மிர்ரன் வந்து விரலை விட்டுப் பார்த்தாள். "ஐயையோ, என்ன ஆர்ச்சி இது? செதுக்கிச் சமன் பண்ணிப் புது எழுத்து வெட்டலாம்னு நெனச்சேன். இவ்ளோ ஆழத்துக்குப் போனா கல்லே மெலிஞ்சிடும். வாசல் தாங்காது."

"திருப்பிப் போட்டா?"

"பின்பக்கம் விரிசல். அதனாலதான் இந்தப் பக்கம் வெட்டுனேன்."

இப்படியாக ஐனாவின் வாசலில் ஏ.பி. என்பவர் ஐ. என்ற எழுத்தையும் ஒரு பள்ளத்தையும் மணந்துகொண்டு நின்றார். தெருவில் போகிறவர்கள் நடையை மெதுவாக்கினார்கள். கூம்பைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஐனாவின் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கோட்டைவீடு மூடியிருக்கும். சாவி அவளிடம் இருந்தது. "சட்டைய மாத்து" என்றாள் ஆர்ச்சியிடம். "எங்க?" என்று கேட்டான். "வான்னா வா."

சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவதையெல்லாம் அவனுக்கும் காட்டினாள். கக்கூஸைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்து, "கீழ நின்னவன் கதி?" என்றான். இத்தனை வருடத்தில் எந்த ஜெர்மன்காரனும் கேட்காத கேள்வி. ஐனா சிரித்துவிட்டாள். பொய் ஜன்னலைக் காட்டினாள். நாய்க்கூண்டைக் காட்டினாள். கடைசியாக மேலே, மூலைக்கூண்டின் அடியில், சணல்காசுக்காரனின் ஆட்களுக்கு எட்டாமல் தப்பித்த ஒரு துண்டுப் பழைய பூச்சைக் காட்டினாள்.

"முழு வீடும் இப்படித்தான் இருந்துச்சு. சுண்ணாம்புல பொடிக்கல்லக் கலந்து வீசிப் பூசுனது. மழைய உள்ள விடாது, ஈரத்த வெளிய விடும். இதத்தான் அந்த முட்டாள் சுரண்டிட்டான். இந்த நாட்டுக் கட்டடத்துல நடந்த அநியாயத்துலயே பெரிய..."

ஆர்ச்சி கையை நீட்டி அதைத் தடவினான். ரொம்ப நேரம் தடவினான்.

"வீசிப் பூசுனதா?"

"ஆமா. கரண்டியால."

"கரண்டியால." அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "அப்ப இதுவும் கஞ்சிதான ஐனா?"

எத்தனை பேருக்கு எத்தனை முறை இந்தத் துண்டைக் காட்டிக் கண்கலங்காத குறையாகப் பேசியிருப்பாள். அன்று மாலையே வீட்டுக்குப் போய், இன்னிக்கு எங்க கஞ்சி ஊத்துன என்று கேட்டிருப்பாள். இரண்டும் ஒரே கையசைவு என்று ஒருநாளும் தோன்றவில்லை. வழிகாட்டி! கழுத்தில் அட்டை வேறு.

"கஞ்சிதான்" என்றாள். "நல்ல கஞ்சி. உன்னோடது சிமெண்டு. சிமெண்டு மூச்சு விடாது."

"யாரும் சுண்ணாம்பு கேக்கலியே."

"கேட்டிருக்கணும்" என்றாள் ஐனா. யார் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கியபோது, பெத் கின்னியர் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "போய்ப் பாரு" என்றாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போய்ப் பாரு."

பள்ளம் அடைபட்டிருந்தது. வெள்ளைச் சாந்து, அதில் பதித்த வெள்ளைப் பொடிக்கற்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி அழுத்தியிருந்தான். அது ஒரு 'எம்'. இடது கால் நீளம், வலது கால் குட்டை, நடுவில் தொய்ந்து போயிருந்தது. செதுக்கிய மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டுக்கு வேலை உடையோடு வந்துவிட்ட உறவினர் மாதிரி நின்றது. ஆர்ச்சி கீழே வாளியோடு, சாந்து அப்பிய கையோடு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுண்ணாம்பு" என்றான் அவசரமாக. "சிமெண்டு இல்ல. மிர்ரன்கிட்டக் கேட்டேன். மணற்கல்லுக்குச் சிமெண்டு ஆகாதாம்."

ஐனா அண்ணாந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவள் வெறுத்த பொடிக்கல்லில், அவள் பெயர். வாசலுக்கு மேலே. அவளைப் பெற்றவர்கள் வண்டியில் சுமந்துபோன பெயர்.

"எம் கோணலா இருக்கு" என்றாள்.

"மாலிசனுங்க எல்லாருமே கோணல்தான்."

"மொதப் பனிக்கே உதுந்துடும்."

"உதுந்தா ஒட்டிக்கலாம்."

"கூம்ப எடுக்கப்போறியா இல்லியா?"

"மாட்டேன்."

"அப்ப சாப்பிட வா" என்றாள்.

கோட்டைவீட்டுச் சுற்றுலாவின் முடிவில் இப்போது அவள் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறாள். "ஊருக்குள்ள ஒரு நகராட்சி வீடு இருக்கு. அங்கஸ் மாவட்டத்துலயே மட்டமான முகப்பு. மூக்கில்லாத சிங்கம், ஃபைபர் கூம்பு. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போயிடாதீங்க." எல்லாரும் போகிறார்கள். கூம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாசல் மேல்கல்லைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் மாலை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு டச்சுக்காரர் அவளை நிறுத்தி, அந்த விநோதமான எழுத்து எந்த நூற்றாண்டுப் பாணி என்று மரியாதையாகக் கேட்டார். "கஞ்சிப் பாணி" என்றாள் ஐனா. அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

ஜனவரியில் கடும் பனி. ஒரு காலையில் கதவைத் திறந்தவள் படியில் ஒரு வெள்ளைப் பொடிக்கல் கிடப்பதைக் கண்டாள். அண்ணாந்து பார்த்தாள், குட்டைக் காலில் ஒரு பல் போயிருந்தது. ஆர்ச்சி இன்னும் எழவில்லை. கூம்பு பனியோடு இன்னும் கொஞ்சம் சாய்ந்து, மகா அசிங்கமாக நின்றது. ஐனா அந்தக் கல்லைக் குனிந்து எடுத்து, ஊதித் துடைத்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பின்கொட்டகைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மேலே மட்டும் உறைந்திருந்தது.

"ஆர்ச்சி!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "ஒன்னோட கஞ்சி உதுருது. எந்திரிச்சு வா. வர்றப்ப ஏணிய எடுத்துட்டு வா, நான் ஏறுறேன்."